பள்ளக்கால் நெலமும் ஒம்பதாவது குரோமோசோமும்

எங்க நெலம் திருத்துறைப்பூண்டிக்கு கெழக்க, வடிகால ஒட்டுனாப்புல இருக்கு. மூணு ஏக்கரு. ஊர்ல அந்தப் பக்கத்த பள்ளக்கால்னு தான் சொல்லுவாங்க. மழை பேஞ்சா மேட்டாங்கால்காரங்களுக்கு ஒரு நாள் கவலை, எங்களுக்கு பத்து நாள் கவலை, ஏன்னா மேல இருக்குற எல்லார் வயல் தண்ணியும் எறங்கி எறங்கி கடைசியா எங்க வயல்ல வந்து தான் நிக்கும், வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சிருந்துச்சுன்னா அங்கேருந்தும் நகராது. 2008 நவம்பர்ல நிஷா புயல் வந்தப்ப நான் பத்தாவது படிச்சிட்டு இருந்தேன். வயல்ல பிபிடி ரக நெல்லு, நட்டு ஒரு மாசம் கூட ஆவல, அப்ப தான் தூர் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. பன்னெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. வடிஞ்சதுக்கு அப்பறம் அப்பா கூட வரப்புல போயி நின்னேன், அந்த அழுகல் நாத்தம் இன்னைக்கும் மூக்குல இருக்கு. பயிரு எல்லாம் வெளுத்துப் போயி நீட்டு நீட்டா படுத்துக் கெடந்துச்சு. அப்பா ஒரு குத்த பிடிச்சு இழுத்தாரு, வேரோட வரல, குருத்து மட்டும் சளி மாதிரி வழுக்கிக்கிட்டு கையோட வந்துச்சு. அவரு ஒண்ணுமே சொல்லல, கைய வாய்க்கால்ல கழுவிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு.

நான் அப்பறம் படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஒரு நெல் ஆராய்ச்சி லேப்ல வேல பாத்தேன், அதனால தான் இந்தப் பதிவு. தண்ணில முழுகுனாலும் நெல்லுப் பயிர சாகாம காக்குற சப்-1னு ஒரு ஜீன் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருக்கேன். நெல்லுக்கு ஜீன் மேப்பிங் பண்றாங்கன்னு செய்தில ஒரு வரி வரும், படிச்சிட்டு தாண்டிப் போயிருவோம், ஆனா அது எங்க வயல்ல வந்து என்ன பண்ணுச்சுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

மொதல்ல பயிரு ஏன் அழுகுதுன்னு பாப்போம். நெல்லு தண்ணில வளர்ற பயிரு தானேன்னு எல்லாரும் நெனைப்பாங்க, கால் தண்ணில நின்னா சரி, தல முழுகிட்டா அதுக்கும் மூச்சு முட்டும். பயிருக்குள்ள எத்திலீன்னு ஒரு வாயு எப்பவும் கொஞ்சம் உண்டாயிட்டே இருக்கும், வெளில காத்துல இருக்கறப்ப அது பாட்டுக்கு போயிரும், தண்ணிக்குள்ள முழுகிட்டா வெளிய போக முடியாது, ஏன்னா தண்ணில வாயு பரவுற வேகம் காத்துல பரவுறத விட பத்தாயிரம் மடங்கு கம்மி. உள்ளயே தேங்குற அந்த எத்திலீன் தான் பயிருக்கு கெடைக்கிற சேதி, நீ முழுகிட்டடான்னு. ஒடனே சாதா ரகம் என்ன பண்ணும், எப்படியாவது தலய வெளிய நீட்டிறலாம்னு கையில இருக்குற மாவுச்சத்து சக்கரை எல்லாத்தையும் செலவழிச்சு வேக வேகமா நீளும். ரெண்டு மூணு நாள்ல தண்ணி வடிஞ்சா தப்பிச்சிரும். பத்து நாள் நின்னுச்சுன்னா கையில இருந்ததும் போச்சு, தலையும் வெளிய வரல, பச்சையமும் போயிரும், தண்ணி வடிஞ்சதும் நிக்கக் கூட தெம்பில்லாம படுத்துரும். 2008ல நான் பாத்த அந்த நீட்டு நீட்டான வெளுத்த பயிரு அது தான். அது சும்மா சாகல, மூச்சுக்குத் தவிச்சு நீண்டு நீண்டு தான் செத்திருக்குன்னு லேப்ல சேந்ததுக்கு அப்பறம் தெரிஞ்சப்ப எனக்கு மனசு என்னமோ பண்ணுச்சு.

இதுக்கு நேர் மாறா ஒரு பயிரு ஒரிசால இருந்துச்சு. அங்க வெள்ளம் வர்ற பள்ளத்து நெலத்துல விவசாயிங்க தலமுறை தலமுறையா வெச்சிருந்த ஒரு நாட்டு ரகத்துல இருந்து பொறுக்கி எடுத்தது, பேரு எஃப்ஆர் 13ஏ. எஃப்ஆர்னா வெள்ளம் தாங்கின்னு அர்த்தம். இது முழுகுனா நீளாது. அப்படியே அடங்கிரும். சக்கரையை செலவழிக்காம, வளராம, மூச்சடக்கி தூங்குற மாதிரி ரெண்டு வாரம் இருந்துட்டு தண்ணி வடிஞ்சதும் புதுசா குருத்து விடும். 1970கள்லயே பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல, இர்ரின்னு சொல்லுவாங்களே அங்க தான், ஆயிரக்கணக்கான ரகத்த தண்ணித்தொட்டில முக்கி முக்கிப் பாத்து இது தான் கெட்டின்னு கண்டுபிடிச்சிட்டாங்க. அப்பறம் என்ன, நல்ல மகசூல் ரகத்தோட ஒட்டு சேத்து விட்டா முடிஞ்சுது தானேன்னு தோணும். சேத்தாங்க, தண்ணி தாங்குற பயிரும் வந்துச்சு. ஆனா அது கூடவே எஃப்ஆர் 13ஏவோட மத்த குணமும் சேந்து வந்துருச்சு, மகசூல் கம்மி, அரிசி தரம் சரியில்ல, விவசாயிங்க தொடல. நாத்து பறிக்கறப்ப கோரையும் வேரோட வேரா பின்னிக்கிட்டு வருமே, அது மாதிரி தான். கோரைய விட்டுட்டு நாத்த மட்டும் எடுக்கணும்னா எது எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும், நெல்லோட மரபணுக்குள்ள அது தெரியாது. அதுக்குத் தான் மேப்.

நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம். மொத்தமா கிட்டத்தட்ட 39 கோடி எழுத்து. (2005ல முழுசா படிச்சு முடிச்சாங்க, ஜப்பான் தலைமைல பத்து நாடு சேந்து பண்ணுன வேல, அதுல 11வது குரோமோசோம்ல ஒரு பகுதிய நம்ம நாட்டு விஞ்ஞானிங்க படிச்சுக் குடுத்தாங்க.) இந்த 39 கோடி எழுத்துல வெள்ளம் தாங்குற ஜீன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க, வழி நெடுக மைல்கல் மாதிரி சில எடங்கள குறிச்சு வெப்பாங்க, ரகத்துக்கு ரகம் வித்தியாசப்படுற சின்ன சின்ன டிஎன்ஏ துண்டு, அதைத் தான் மார்க்கர்னு சொல்றது. தாங்குற ரகத்தையும் தாங்காத ரகத்தையும் சேத்து, பேரப்புள்ளைங்க தலமுறைல நெறைய செடி எடுத்து எல்லாத்தையும் தண்ணில முக்குவாங்க. பொழச்சது எது செத்தது எதுன்னு எழுதிக்கிட்டு, பொழச்ச செடி எல்லாத்துலயும் தாங்குற ரகத்தோட எந்த மைல்கல் தவறாம இருக்குன்னு பாப்பாங்க. எந்த மைல்கல் பொழைக்கிறது கூடவே சேந்து சேந்து வருதோ, ஜீன் அது பக்கத்துல தான் எங்கயோ இருக்கு. 1996ல அமெரிக்கால கெனாங் ஷூவும் டேவிட் மேக்கிலும் இப்படித் தான் பாத்து ஒம்பதாவது குரோமோசோம்ல ஒரே ஒரு எடம், செடிக்கு செடி இருக்குற தாங்கும் வித்தியாசத்துல 69 சதவீதம் அந்த ஒரு எடத்தால தான்னு சொன்னாங்க. எனக்கு இந்த நம்பர் மொத தடவ படிச்சப்ப நம்பவே முடியல. வெள்ளம் தாங்குறது மாதிரி ஒரு பெரிய குணத்துக்கு அம்பது நூறு ஜீன் சேந்து வேல செய்யும்னு தானே நெனைப்போம். அந்த எடத்துக்கு வெச்ச பேரு தான் சப்-1. அப்பறம் பத்து வருஷம் அந்தத் தெருவுல வீடு வீடா தேடி, 2006ல அந்த ஒரு ஜீன கையில பிடிச்சாங்க, சப்-1ஏ, பமேலா ரொனால்ட்ங்கிற விஞ்ஞானியோட லேபும் சேந்து. இந்த சப்-1ஏ தான் எத்திலீன் சேதி வந்ததும் ‘நீளாத, அடங்கு’ன்னு பயிருக்கு சொல்லுது, நீள வைக்கிற ஜிப்ரலின்ங்கிற ஹார்மோனோட பேச்ச பயிரு கேக்காம பாத்துக்குது.

இதுல இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். ஆள் உயரத்துக்கு மேல மாசக்கணக்குல தண்ணி நிக்கிற எடத்துல வளர்ற ஆழ்நீர் நெல்லுன்னு ஒண்ணு இருக்கு, வங்காள தேசம் பக்கம் எல்லாம் உண்டு, அது தண்ணி ஏற ஏற கூடவே சரசரன்னு ஏறி தலய வெளிய நீட்டிரும். 2009ல ஜப்பான்காரங்க அதோட ஜீன கண்டுபிடிச்சு ஸ்னார்க்கல்னு பேரு வெச்சாங்க. பாத்தா அதுவும் சப்-1ஏவும் ஒரே ஜீன் குடும்பம். எத்திலீன் வந்தா ஒண்ணு ஓடுன்னு சொல்லுது, ஒண்ணு ஒக்காருன்னு சொல்லுது. மாசக்கணக்குல நிக்கிற தண்ணிக்கு ஓடுறது சரி, பத்து நாள்ல வடியிற தண்ணிக்கு ஒக்காந்து இருக்குறது சரி. எங்க தண்ணி பத்து நாள் தண்ணி.

சரி லேப் வேலைக்கு வர்றேன். எடம் தெரிஞ்சதும் என்ன பண்றாங்கன்னா, விவசாயிங்க ஏற்கனவே விரும்பி நடுற ரகத்துக்குள்ள அந்த ஒரு துண்ட மட்டும் கொண்டு போறாங்க. மொதல்ல பண்ணது சொர்ணால, ஆந்திராவுல மாருட்டேருல வந்த எம்டியு 7029. ஒட்டு சேக்குறது இன்னைக்கும் கையால தான். நெல்லு பூ தனக்குத் தானே மகரந்தம் சேத்துக்கும், அதனால மொத நாள் சாயங்காலமே அம்மா செடியோட கதிர்ல ஒவ்வொரு பூவா நுனிய கத்திரியால வெட்டி, உள்ள இருக்குற ஆறு மகரந்தப் பையையும் எடுத்துரணும், ஒண்ணு விட்டாலும் வேல வீண், அப்பறம் பட்டர் பேப்பர் கவர மாட்டிட்டு மறுநாள் காலைல வெயில் ஏறி அப்பா செடி பூக்குற நேரம் பாத்து மகரந்தத்த தட்டி விடணும். எங்க லேப்ல இத ஒரு அக்கா பண்ணுவாங்க, கும்பகோணம் பக்கம், பள்ளிக்கூடம் பெருசா போகாதவங்க, பிஎச்டி பண்றவங்கள விட அவங்க கையில தான் மணி அதிகமா பிடிக்கும். நான் அவங்க கிட்ட கத்துக்கிட்டு ஒரு கதிர்ல பத்து மணி பிடிக்க வெச்சதுக்கு அன்னைக்கு பூரா சந்தோஷமா இருந்தேன்.

இப்படி வந்த புள்ளய திரும்பத் திரும்ப சொர்ணாவோடவே சேத்தா ஒவ்வொரு தடவையும் எஃப்ஆர் பக்கத்து ரத்தம் பாதி பாதியா கொறையும். இது பழைய முறை தான், ஆனா கண்ண மூடிட்டு பண்ணா ஆறு ஏழு தலமுறை ஆகும், ஒவ்வொரு தலமுறைலயும் தண்ணில முக்கிப் பாக்கணும் வேற. மார்க்கர் இருந்தா முக்கவே வேணாம். நாத்து ரெண்டு வாரம் ஆனதும் காலைல போயி ஒவ்வொண்ணுலயும் கட்ட வெரல் அளவுக்கு எலைய கிள்ளி நம்பர் போட்ட சின்ன டியூப்ல போடுவோம், அரைச்சு டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் போட்டு (மார்க்கர் துண்ட மட்டும் பல மடங்கு பெருக்குறது), ஜெல்லுல ஓட்டுவோம் (துண்டுங்கள நீளத்துக்கு ஏத்த மாதிரி பிரிக்கிறது). ஜெல்ல யூவி வெளிச்சத்துல வெச்சுப் பாக்குற அந்த நேரம் எனக்கு அலுத்ததே இல்ல. இருட்டு ரூம்ல வரிசையா ஆரஞ்சு கலர்ல கோடு கோடா தெரியும். ஒரு கோடு மட்டும் இருந்தா அந்த செடிக்கு ஜீன் வரல, ரெண்டு கோடு இருந்தா வந்திருக்கு. நூறு நாத்துல அம்பதுக்குத் தான் வரும், மிச்சத்த தூக்கிப் போட்டுறலாம். அந்த அம்பதுல எதுல ஜீனுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுனாப்புல அறுந்து சொர்ணா துண்டு சேந்திருக்குன்னு அடுத்து பாப்பாங்க, கோரைய நறுக்குறது இந்த எடத்துல தான். கடைசியா மத்த 11 குரோமோசோமும் எந்த செடில அதிகமா சொர்ணாவா மாறிருக்குன்னு பாத்து அத மட்டும் அடுத்த தலமுறைக்கு எடுத்துக்குவாங்க. இப்படி ரெண்டு மூணு தடவ சேத்ததுலயே வேல முடிஞ்சிருச்சு. 2009ல சொர்ணா சப்-1 இந்தியாவுல வெளியாச்சு.

அவ்ளோ கவனமா நறுக்கியும் ஒண்ணு கூட வந்துச்சு. சொர்ணா நெல்லு உமி தங்க நெறம், பேரே அதனால தான். சொர்ணா சப்-1 உமி வெளிர் வைக்கோல் நெறம். ஜீனுக்கு பக்கத்துலயே உமி நெறத்துக்கான துண்டும் இருந்ததால சேந்தே வந்துருச்சு. அரிசில வித்தியாசம் இல்ல. ஒரு வகைல அது நல்லது கூட, விதை கலந்துருச்சான்னு விவசாயி கைல அள்ளிப் பாத்தே சொல்லிரலாம்.

எங்க ஊருக்கு வந்தது சிஆர் 1009 சப்-1. சிஆர் 1009ன்னா டெல்டாக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, பொன்மணின்னும் சொல்லுவாங்க, குண்டு நெல்லு, இட்லிக்கு எடுப்பு, 150 நாளுக்கு மேல வயல்ல நிக்கும், சம்பாவுக்குன்னே இருக்குற ரகம். இர்ரில சப்-1 சேத்த ஆறு ரகத்துல இதுவும் ஒண்ணு, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் இங்க சோதிச்சு வெளியிட்டாங்க. அப்பா கிட்ட சொன்னப்ப மொதல்ல கேட்டது ‘இது மரபணு மாத்துனதா பாப்பா’ன்னு தான். நெறைய பேரு கேக்குறாங்க, தப்பான கேள்வி இல்ல. வெளில இருந்து எதையும் ஊசி போட்டு உள்ள வெக்கல, நெல்லுக்கும் நெல்லுக்கும் பூவுல மகரந்தம் சேத்தது தான், லேப்ல பண்றது எந்த நாத்துக்கு வந்திருக்குன்னு படிச்சுப் பாக்குறது மட்டும் தான்னு சொன்னேன். ‘அப்ப ஜாதகம் பாத்து பொண்ணு எடுக்குற மாதிரி’ன்னாரு. சரியாத் தான் சொன்னாரு.

2021ல தான் நட்டோம். அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் விதை கேட்டுப் போனப்பல்லாம் தீந்துருச்சுன்னு தான் பதில். அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகைல பேஞ்ச மழை டெல்டால எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நட்டு முப்பத்தஞ்சு நாள் பயிரு, ஒம்பது நாள் முழுசா முழுகிருச்சு. நான் லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன். தண்ணி வடிஞ்ச அன்னைக்கு அப்பாவும் நானும் அதே வரப்புல நின்னோம். பாக்க நல்லாவே இல்ல, எல எல்லாம் சேறு பூசி பழுப்பு ஏறி, பயிரு குட்டையா கெடந்துச்சு. பக்கத்து வயல்ல சித்தப்பாவோட பிபிடி நீளமா படுத்திருந்துச்சு. எனக்கு வயித்துல பிசைஞ்சுது, பாடத்துல படிச்சது வேற, அப்பா கடன் வாங்கி நட்ட வயலு வேற. அப்பா எறங்கிப் போயி ஒரு தூர அடில வெரல வெச்சு அமுக்கிப் பாத்தாரு. இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு நாலஞ்சு எடத்துல அமுக்குனாரு. ‘கெட்டியா இருக்கு பாப்பா’ன்னாரு. நானும் அமுக்கிப் பாத்தேன், அடித்தண்டு வெரலுக்கு அடங்காம கல்லாட்டம் நின்னுச்சு. அவசரப்பட்டு யூரியா போடாதீங்கன்னு மட்டும் சொன்னேன், பயிரு கொஞ்சம் தெளியட்டும்னு. ஆறாவது நாள் ஃபோன்ல படம் அனுப்புனாரு, பழுத்த எலைக்கு நடுவுல ஊசி மாதிரி பச்சைக் குருத்து. எல்லாம் பொழைக்கல, ரொம்ப பள்ளமான மூலைல சேறு மூடி கொஞ்சம் போயிருச்சு, அங்க மேட்டுல இருந்து தூர் பிரிச்சு நட்டாங்க. ஆனா அந்த வருஷம் எங்க பத்தாயத்துல நெல்லு இருந்துச்சு.

ஒரிசாவுல சொர்ணா சப்-1 வெச்சு ஒரு பெரிய சோதனை பண்ணாங்க, சில கிராமத்துல விதை குடுத்து சில கிராமத்துல குடுக்காம. பத்து நாள் முழுகுன வயல்ல சாதா சொர்ணாவ விட 45 சதவீதம் மகசூல் கூட, வெள்ளமே வராத வயல்ல கொறைவும் இல்ல. 2013ல வந்த அந்தக் கட்டுரைல என்னை நிறுத்துனது இன்னொரு வரி. இந்த விதையால அதிகமா பலன் பட்டியலின மக்களுக்குத் தான் போகும், ஏன்னா வெள்ளம் நிக்கிற பள்ளத்து நெலம் அவங்க கிட்ட தான் அதிகமா இருக்கு. இது எதனால வந்துச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம், யாருக்கு மேட்டாங்கால் யாருக்கு பள்ளக்கால்னு நம்ம ஊர்லயும் சும்மா அமையல. அதனால தான் இந்த விதை டைமுக்கு கெடைக்கலன்னா எனக்கு அவ்ளோ கோவம் வருது. மேட்டாங்கால்காரருக்கு இது இல்லன்னா வேற ரகம், பள்ளக்கால்காரருக்கு இது இல்லன்னா அந்த வருஷமே இல்ல.

பாரம்பரிய ரகம் பேசுறவங்களும் லேப்காரங்களும் எதிரெதிரா சண்ட போடுறத பாக்குறப்பவும் எனக்கு ஆதங்கமா இருக்கும். எஃப்ஆர் 13ஏ வந்தது நாட்டு ரகத்துல இருந்து. உப்பு தாங்குற சால்டால்ங்கிற எடம், மொத குரோமோசோம்ல, அது வந்தது கேரளாவோட பொக்காளில இருந்து. நம்ம டெல்டாலயே வெள்ளத்துக்கு மடுமுழுங்கி, உப்புக்கு குழியடிச்சான்னு வெச்சிருந்தாங்க. மகசூல் கம்மின்னு இதெல்லாம் அழிஞ்சு போயிருந்தா மேப் போட்டு தேடறதுக்கு அந்த மேப்ல ஊரே இருந்திருக்காது. பேரு தெரியாத ஒரிசா விவசாயிங்க யாரோ வருஷா வருஷம் வெள்ளத்துல பொழச்ச கதிர விதைக்கு எடுத்து வெச்சதால தான் என் அப்பா வெரலுக்கு அந்தத் தண்டு கெட்டியா இருந்துச்சு.

இந்த ஜீன் எல்லாத்தையும் தாங்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கதிரு முத்துனதுக்கு அப்பறம் வர்ற மழைக்கு இது ஒண்ணும் பண்ணாது. 2021 ஜனவரில பொங்கல் சமயத்துல பேஞ்சுதே, அறுக்குற நெல்லு சாஞ்சு தண்ணில கெடந்து கதிர்லயே மொளச்சுது, அதுக்கு சப்-1 பதில் இல்ல. மாசக்கணக்குல முழங்கால் தண்ணி நின்னாலும் இது ஒதவாது. விதைச்ச ஒடனே தண்ணி நின்னாலும் அப்படித் தான்.

இந்தக் கடைசி விஷயம் தான் அப்பாவுக்கு இப்ப கவலை. நடவு ஆளு கெடைக்கல, எங்க பக்கம் பாதிப் பேரு நேரடி விதைப்புக்குப் போயிட்டாங்க, விதைச்ச மூணாம் நாள் மழை கொட்டுனா விதை மண்ணுக்குள்ளயே ஊறி செத்துரும். போன வாரம் ஃபோன்ல கேட்டாரு, மொளைக்கிறப்ப தண்ணி தாங்குற ஜீனும் இருக்கான்னு. இருக்குப்பான்னேன். பர்மாவுல ஒரு நாட்டு ரகம், காவ் லான் ஆன்னு பேரு, அது தண்ணிக்கு அடிலயே மொளச்சு மேல வந்துரும், அந்த ஜீனையும் பிடிச்சிட்டாங்க, அதுவும் அதே ஒம்பதாவது குரோமோசோம்ல தான் இருக்கு, சப்-1ஓட சேத்து ஒரே ரகத்துல வெக்குற வேலையும் நடந்திருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம், ‘விதை எப்ப வரும்னு கேட்டு வையி, ஆடிக்குள்ள தெரிஞ்சா நல்லது’ன்னாரு.